பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து வாருங்கள்

சிமுலேஷன், பயிற்சி, மெய்நிகர் சூழல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகக் குழுக்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் ஒரு மருத்துவமனையில் செவிலியர்களுக்கு சிபிஆர் சொல்லிக்கொடுப்பவள், அதாவது இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்தி உயிரைப் பிடித்துவைக்கும் வேலை. உங்கள் துறையில் நான் பட்டம் வாங்கியதில்லை. ஆனால் நீங்கள் செய்து கொடுக்கும் பொருளைக் கையில் வாங்கி, அதை வைத்து ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து, அவரை வார்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கிற இடத்தில் இருக்கிறேன். அந்த இடத்திலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு பெண், வகுப்பிலேயே நன்றாகச் செய்தவள். பயிற்சிப் பொம்மையில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொன்றும் 5 செ.மீ.க்குக் குறையாத ஆழம், நடுவில் மார்பு முழுதாக மேலே எழும்ப விடுவது, எதுவும் பிசகாது. ஒரு இரவுப் பணியில் வயதான நோயாளி ஒருவருக்கு இதயம் நின்றது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் ஒவ்வொரு அழுத்தத்தின் அடியிலும் ஒரு கணம் நின்றாள். ஏன் நிற்கிறாள் என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் பொம்மைக்குள் சரியான ஆழம் வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவள் கை அந்த டக்குக்காகக் காத்திருந்தது. மனித மார்பு டக் என்று சொல்லாது. அப்புறம் வேறொரு சத்தம் வந்தது, விலா எலும்பு முறிகிற சத்தம். வயதானவர்களுக்கு சிபிஆர் செய்யும்போது அது சாதாரணமாக நடப்பதுதான், அதற்காக நிறுத்தக் கூடாது. அவள் கையை எடுத்துவிட்டாள். "எலும்பை உடைச்சிட்டேன் மேடம்" என்றாள். நான் அவளை நகர்த்திவிட்டு என் கையை வைத்தேன்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டக் சத்தத்துக்காகக் காத்திருக்கும்படி அவளைப் பழக்கியது நான். முறிவு எப்படிக் கேட்கும், கைக்குக் கீழே எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடச் சொல்லிக்கொடுக்காததும் நான்தான். சான்றிதழில் நான் போட்ட கையெழுத்து இருக்கிறது.

இது நடந்து சில மாதங்களில் ஒரு ஆய்வுக் குழு எங்களிடம் வந்தது. நல்ல பிள்ளைகள், மரியாதையாக நடந்துகொண்டார்கள், கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் உள்ளே வேறொரு இடம் தெரியும் மெய்நிகர் ஹெட்செட்டை ஒவ்வொருவருக்கும் துடைத்துத் துடைத்து மாட்டிவிட்டார்கள். திரைக்குள்ளே ஒரு வார்டு, ஒரு நோயாளி, மானிட்டரில் கோடு தட்டையாகப் போகிறது. இரண்டு கையிலும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு காற்றில் அழுத்தினோம். முடிந்ததும் ஒரு கேள்வித்தாள்: அங்கேயே இருப்பதுபோல் இருந்ததா, 1 முதல் 7 வரை குறியுங்கள், பயனுள்ளதாக இருந்ததா, 1 முதல் 7 வரை குறியுங்கள், மற்றவர்களுக்கும் பரிந்துரைப்பீர்களா. எங்கள் ஆட்கள் 6, 7 என்று போட்டார்கள். புதுசாக இருந்தது, சந்தோஷமாகச் செய்தார்கள், போடாமல் என்ன செய்வார்கள்? குழு நன்றி சொல்லிவிட்டுப் போனது. திரும்பி வரவேயில்லை.

என் மனக்குறை இதுதான். அந்த ஹெட்செட்டைப் போட்டவர்களில் யாருக்காவது அதற்குப் பிறகு ஒரு நிஜ நோயாளியின் மார்பில் கை வைக்க நேர்ந்ததா, அப்போது அந்தக் கை என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

இதைக் கேட்க முடியாது என்று சொல்லாதீர்கள், உங்கள் துறையிலேயே கேட்டிருக்கிறார்கள். 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சை பயிலும் 16 மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வழக்கமான பயிற்சி, இன்னொரு பகுதிக்கு அதோடு மெய்நிகர் பயிற்சியும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் போனது அறுவை அரங்குக்கு. நிஜ நோயாளியின் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி வழியாக, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, எடுக்கும்போது வீடியோ பதிவு செய்து, யார் எந்தக் குழு என்று தெரியாதவர்களை வைத்து மதிப்பிட்டார்கள். மெய்நிகர் பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் வேகமாகப் பித்தப்பையைப் பிரித்தார்கள். பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ 5 மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் பயன்படுத்திய கருவியில் பித்தப்பையே கிடையாது. வெறும் உருண்டைகளும் வடிவங்களும் தெரியும் ஒரு திரை, அவற்றைப் பிடித்து நகர்த்தப் பழகும் கைப்பிடிகள், அவ்வளவுதான். படம் நிஜம்போல இல்லை. கை செய்த வேலை நிஜம்.

இன்னும் பின்னால் போனால், எட்வின் லிங்க் 1929-இல் செய்த விமானப் பயிற்சிப் பெட்டியிலும் இதையே பார்க்கலாம். அவருடைய அப்பாவுக்கு பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை. ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை வைத்தே அந்தப் பெட்டியைச் சாய்ந்து திரும்ப வைத்தார். வெளியே எதுவும் தெரியாதபடி மூடியைப் போட்டுவிட்டு, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழக்கினார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் விபத்துகளில் செத்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. விமானிகளைச் சாகடித்தது எது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது: கண் தெரியாத வானத்தில் கருவியைப் படிக்கத் தெரியாதது. அதற்கு ஜன்னலுக்கு வெளியே காட்சி தேவையில்லை, அதனால் காட்சி வைக்கவில்லை.

1980-களில் டாங்கிப் படையினருக்காக சிம்நெட் என்று நூற்றுக்கணக்கான சிமுலேட்டர்களை வலையில் இணைத்தபோதும் இப்படித்தான். எந்த வேலைக்கு எது தேவை என்று முதலில் ஆராய்ந்துவிட்டு, அதைச் செய்வதற்கு வேண்டியதை மட்டும் உள்ளே வைத்தார்கள். உங்களுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். பின்னே ஏன் என்னிடம் வந்து காட்டும்போது தோலின் பளபளப்பையும் கண் சிமிட்டுவதையும் முதலில் காட்டுகிறீர்கள்?

எங்கள் வேலையில் நிஜமாக இருக்க வேண்டியது எது என்று கேட்டால் நான் சொல்வேன், கேளுங்கள். நோயாளி மெத்தையில் படுத்திருப்பார், நாம் அழுத்தும்போது மெத்தையும் சேர்ந்து அமுங்கும். கைக்குக் கீழே 5 செ.மீ. இறங்கிய மாதிரி இருக்கும், மார்பு உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் இறங்கியிருக்கும். ஆழத்தை அளந்து சொல்லும் சில கருவிகளே இதில் ஏமாந்து போகின்றன. கட்டில் உயரமாக இருக்கும், குள்ளமானவருக்கு ஸ்டூல் தேவைப்படும், ஸ்டூல் எங்கே என்று தேடுவதிலேயே பத்து விநாடி போய்விடும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆனால் செய்கிறவருக்கு அது தெரியாது, நன்றாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். கட்டிலைச் சுற்றிய திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உறவினர் அழுகிற சத்தம் கேட்கும். ஒரே நேரத்தில் மூன்று பேர் உத்தரவு போடுவார்கள். காற்றில் கன்ட்ரோலரை அழுத்துவது இவை எதையும் கையில் ஏற்றாது, அது இன்னொரு டக் சத்தம். மாறாக, யார் எப்போது கை மாற்றுவது, சத்தத்துக்கு நடுவே யார் பேச்சைக் கேட்பது, ஸ்டூலை யார் கொண்டுவருவது என்பதையெல்லாம் பழக்க ஹெட்செட் அருமையான இடமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கான ஆய்வைச் செய்து தாருங்கள், நானே முதல் ஆளாக வருவேன்.

'அங்கே இருக்கும் உணர்வு' வீண் என்று சொல்ல வரவில்லை. சாப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், மெய்நிகர் அறையின் நடுவில் ஆழமான பள்ளம் ஒன்றைக் காட்டி, அதன் விளிம்பில் நிற்பவரின் இதயத்துடிப்பு ஏறுகிறதா என்று அளந்தார்கள். கேள்வித்தாளை மட்டும் நம்பாமல் உடம்பையே கேட்டார்கள், நல்ல வேலை. உயரத்துக்குப் பயப்படுகிறவருக்குச் சிகிச்சை கொடுக்க அந்த உணர்வு வேண்டும். ஆனால் ஒருவருக்குப் படபடப்பு வந்தது என்பதை வைத்து அவர் சரியாக அழுத்தக் கற்றுக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது?

தவறாகக் கற்றுக்கொடுப்பதால் என்ன ஆகும் என்பதற்கு என் வார்டை விடப் பெரிய சாட்சி இருக்கிறது. 2001 நவம்பர் 12-ஆம் தேதி நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விழுந்து 265 பேர் இறந்தார்கள். முன்னால் போன விமானத்தின் காற்றுச் சுழலில் மாட்டியபோது துணை விமானி வால் சுக்கானைத் தேவைக்கு மேல் மிதித்து மிதித்து ஆட்டியதில் வால் துடுப்பே பிய்ந்துபோனது. அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த விமானத்தின் சுக்கான் வடிவமைப்பையும், அந்த நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தின் சில பகுதிகளையும் காரணங்களில் சேர்த்துச் சொன்னது. அந்தப் பயிற்சியில் சிமுலேட்டர், விமானியின் கட்டுப்பாடுகளைச் சிறிது நேரம் வேலை செய்யவிடாமல் வைத்து விமானத்தை மிக அதிகமாகச் சாய வைத்தது. காற்றுச் சுழல் என்றாலே பெரிய ஆபத்து, கட்டுப்பாடுகளைப் பலமாக இயக்கித்தான் மீள வேண்டும் என்ற எண்ணம் அதனால் மனதில் பதிந்திருக்கக்கூடும் என்றது வாரியம். பயிற்சி கொடுத்தவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் கொடுத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

அதனால்தான் கேட்கிறேன், உங்கள் கருவியில் கற்றவர் எதைத் தவறாகக் கற்றார் என்று தேடுங்கள். முன்னேற்றத்தை மட்டும் தேடினால் இது கண்ணில் படாது.

இன்னொன்று. எங்களிடம் வந்த அந்த நாள் நான்கு பேர் பாதியில் ஹெட்செட்டைக் கழற்றினார்கள். ஒருவருக்கு வாந்தி வருவதுபோல் இருந்தது, இரண்டு பேருக்குத் தலை சுற்றியது, ஒருவருக்குக் கண்ணாடிக்கு மேல் ஹெட்செட் உட்காரவேயில்லை. அவர்களை 'நீக்கப்பட்டவர்கள்' என்று தனியாகக் குறித்துவைத்ததைப் பார்த்தேன். சிமுலேட்டர் குமட்டலை அளக்க 1993-லிருந்தே 16 அறிகுறிகள் கொண்ட கேள்வித்தாள் உங்களிடம் இருக்கிறது, இது தெரியாத விஷயமில்லை. ஆனால் அந்த நான்கு பேரும் என் செவிலியர்கள். அவர்களை நான் நீக்க முடியாது, அடுத்த வாரம் அவர்களும் இரவுப் பணிக்குப் போவார்கள். எத்தனை பேரால் முடிக்க முடியவில்லை, அவர்கள் யார், வயது என்ன, கண்ணாடி போடுகிறவர்களா என்பதை முடிவுகளின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், எங்களுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

ஒப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெய்நிகர் பயிற்சி பெற்றவர்களை, ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்தவர்களோடு ஒப்பிட்டால் மெய்நிகர் ஜெயிக்கத்தான் செய்யும். அதே ஒரு மணி நேரத்தை ஒரு பொம்மை, ஒரு ஆசிரியர், முடிந்ததும் உட்கார்ந்து 'இங்கே ஏன் கையை எடுத்தாய்' என்று பேசும் பத்து நிமிடம், இவற்றோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். மாணவருக்கு மூன்று, நான்கு வருடம்தான் இருக்கிறது, ஆய்வுப் பணம் ஒரு தேதியோடு முடிகிறது, மருத்துவமனைக்குள் வர அனுமதி வாங்குவதற்குள் பாதி நாள் போய்விடும். ஆறு மாதம் காத்திருந்தால் கட்டுரை தள்ளிப்போகும். ஆனால் சிபிஆர் திறமை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மங்கத் தொடங்குகிறது என்பது எங்கள் துறையில் பலமுறை பார்த்த ஒன்று. பயிற்சி முடிந்த அதே மதியம் அளந்தால் எல்லோரும் நன்றாகத்தான் செய்வார்கள். நிதி கொடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போய் அளப்பதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள், அதைச் செலவழிக்காதவரிடம் திரும்பக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து என்ன செய்ய முடியும் என்றும் சொல்கிறேன். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவிகளில் இப்போது வரும் பலவற்றில், மார்பில் ஒட்டும் பட்டையிலேயே ஒரு சென்சார் இருக்கிறது. நிஜ நோயாளிக்கு எந்த வேகத்தில், எந்த ஆழத்தில் அழுத்தினார்கள், எத்தனை விநாடி நிறுத்தினார்கள் என்பதெல்லாம் கருவிக்குள்ளேயே பதிவாகிக் கிடக்கிறது. நோயாளியின் பெயரை எடுத்துவிட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, அதைப் பயிற்சிப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். அனுமதிக் கடிதத்துக்கு என் பக்கத்தில் வேண்டிய கையெழுத்துகளை நான் வாங்கித் தருகிறேன். மெத்தையால் வரும் பிழையை எப்படிக் கழிப்பது என்பதை உங்கள் பொறியாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

வருவதாக இருந்தால் இரவுப் பணி தொடங்கும் முன் வாருங்கள். அந்தப் பெண் இப்போதும் அதே வார்டில்தான் இருக்கிறாள், புதிதாக வருகிறவர்களுக்கு விலா எலும்பைப் பற்றி அவளே சொல்லித்தருகிறாள். கருவியை வடிவமைக்கும் முன் அவளிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

அன்புடன்,
ஒரு செவிலியர் பயிற்றுநர்