மூன்று குடும்பம் இருந்த வீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த புதுச்சேரி பயணக் கட்டுரையில், பூட்டிக் கிடந்த பழைய தமிழ் வீடுகளுக்கு, சுற்றுலா வருபவர்களுக்கு அறை விடும் ஹோம்ஸ்டேக்கள் உயிர் கொடுத்திருப்பதாக ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பக்கத்தில் படமாக வந்திருந்த வீட்டில் 22 வருஷம் வாடகைக்கு இருந்தவள் நான். அந்த வீடு ஒரு நாளும் பூட்டிக் கிடந்ததில்லை. முற்றத்தைச் சுற்றி மூன்று குடும்பம் இருந்தோம். எங்கள் மூன்று குடும்பத்து மாத வாடகை ஒரு சனி, ஞாயிறில் கிடைத்துவிடும் என்று யாரோ கணக்குப் போட்டுக் காட்டியதும் காலி பண்ணச் சொன்னார்கள். வீட்டுக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். ஓடு மாற்ற, தூண் பார்க்க என்ன செலவாகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அங்கே ஆளே இல்லை என்று எழுதலாமா?

படத்தில் திண்ணைக்குக் குறுக்கே சங்கிலி தொங்குகிறது. கீரைக்கார அம்மா தினமும் அந்தத் திண்ணையில்தான் கூடையை இறக்கி வைப்பார். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்து, என் மாமியாரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் தெருவெல்லாம் இப்படித்தான் இருந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் திண்ணை, தாழ்வாரத்தை மீட்டதற்குத்தானே வைசியாள் வீதிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கொடுத்தார்கள்? 2014 மழையில் இடிந்த பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடத்தைக்கூட பழைய சாயலிலேயே திரும்பக் கட்டினார்கள். சந்தோஷம். காலி பண்ணிப் போன குடும்பங்களை மட்டும் எங்கே போனீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் நாத்தனார் இன்னும் அதே தெருவில் இருக்கிறார். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. சனிக்கிழமையானால் அந்தக் கார்களெல்லாம் இவர் வாசலில். கோலம் போட இடமில்லை. போன மாதம் ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டி, பூட்டுக்கு நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள். பாவம், அவர்களுக்கும் சொல்ல அங்கே ஆள் இல்லை. இஸ்திரி வண்டிக்காரரும் துணி கொடுக்க வீடு இல்லாமல் லாஸ்பேட்டை பக்கம் போய்விட்டார்.

பார்சிலோனாவில் இப்படிப்பட்ட சுமார் 10,000 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமத்தை 2028-இல் புதுப்பிக்கப் போவதில்லை என்று மேயர் அறிவித்த செய்தியை உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். அவ்வளவு தூரம் நான் கேட்கவில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹோம்ஸ்டே என்று அங்கீகரிக்க, உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஆறு அறைக்கு மேல் விடக்கூடாது. அடுத்த முறை தங்குமிடப் பட்டியல் போடும்போது, வீட்டுக்காரர் அங்கே இருக்கிறாரா என்று நிருபர் ஒரு வார்த்தை கேட்கட்டும். இல்லையென்றால் விடுதி என்று போடுங்கள்.

இப்படிக்கு,
22 வருஷம் அங்கே இருந்த வாசகி,
வில்லியனூர்.