விறகு பாய்லர் வாங்குறதுக்கு முன்னாடி வீட்டு ஓட்டைகள அடைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல அமெரிக்கக் கிராமத்துல பழைய பண்ணை வீடு வாங்கி, வெளியில விறகு பாய்லர் வச்சு சூடாக்கிக்கிறதப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. தமிழ்ல இதையெல்லாம் யாரும் எழுதுறதே இல்ல, அதனால எழுதினவருக்கு மனசார நன்றி. நான் நியூயார்க் மாநிலத்துக்கு வடக்குக் கோடியில, கனடா பார்டர் பக்கம் செயின்ட் லாரன்ஸ் கவுன்ட்டியில இருக்கேன், எங்க வீடு 1890-கள்ல கட்டினது, கேஸ் லைன் கிடையாது, சூட்டுக்கு ஆயில் இல்லன்னா புரொபேன் இல்லன்னா விறகு, அவ்வளவுதான். இங்க காலேஜ் வேலைக்கு வந்து, விலை கம்மியா இருக்கேன்னு பழைய வீடு வாங்குற நம்ம ஆளுங்க இருக்காங்க, அவங்க அந்தக் கட்டுரையப் படிச்சிட்டு நேரா ஒரு செகண்ட்ஹேண்ட் பாய்லரப் போய் வாங்கிட்டா கஷ்டம், அதனாலதான் இத எழுதுறேன்.

ஊர்ல இருக்குறவங்களுக்காக ஒரு வார்த்தை. நம்ம வீடுகள்ல முன்னாடி செம்பு பாய்லர் இருக்கும்ல, நடுவுல குழாய்ல கரி போட்டா சுத்தி இருக்குற தண்ணி சூடாகுமே, அதே வேலைதான் இதுவும், ஆனா ஒரு சின்ன ஷெட் சைஸுல வீட்டுக்கு வெளியில தனியா நிக்கும். உள்ள பெரிய அடுப்பு, சுத்தி நூத்துக்கணக்கான லிட்டர் தண்ணி, அந்தத் தண்ணி 80 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாகி மண்ணுக்கடியில போற பைப் வழியா பம்ப்ல வீட்டுக்குள்ள வந்து அறைய சூடாக்குற ரேடியேட்டருக்கும் குளியல் வெந்நீருக்கும் சூட்டக் குடுத்துட்டு திரும்பிப் போகும். விறகுத் தூசி, சாம்பல், பூச்சி எதுவும் வீட்டுக்குள்ள வராது, இது பெரிய சௌகரியம்தான், இல்லன்னு சொல்லல.

ஆனா "புகை வீட்டுக்குள்ள வரவே வராது"ன்னு கட்டுரையில போட்டிருந்தாங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு ஒப்பல. உங்க வீட்டுக்குள்ள வராது, சரி, பக்கத்து வீட்டுக்கு?

பழைய மாடல் எப்படி வேலை செய்யுதுன்னா, தண்ணி சூடு போதுமான அளவுக்கு வந்ததும் காத்து போற டேம்பர் தானா மூடிக்கும். அடுப்பு நிறைய கட்டை இருக்கும், காத்து இருக்காது, அதனால நெருப்பு எரியாம மணிக்கணக்கா கனிஞ்சுக்கிட்டே கெடக்கும். சுத்தி தண்ணி இருக்குறதால அடுப்போட சுவரும் ரொம்ப சூடாகாது, எரியாத புகை அதுல பட்டு கருப்புத் தாரா ஒழுகும், மிச்சம் சிம்னி வழியா வெளிய வரும். அந்த சிம்னியும் அப்பல்லாம் ஆள் உயரத்தவிட கொஞ்சம்தான் அதிகம். காத்தே இல்லாத குளிர் ராத்திரியில அந்தப் புகை மேல எழும்பாது, தரையோட தரையா தவழ்ந்து பள்ளத்துல போய்த் தேங்கும். எங்க ரோட்டுல அப்படி ஒண்ணு இருந்துச்சு, எதிர்ல இருந்த வீட்டுல ஆஸ்துமா உள்ள ஒரு சின்னப் பையன், அவங்க அம்மா ஜன்னல் ஓரமெல்லாம் டேப் ஒட்டி வச்சிருந்தாங்க, காலையில கதவைத் திறந்தா ஈரக்கட்டை புகை மூஞ்சில அடிக்கும். அந்தப் பையன் இருமுறத நான் கேட்டிருக்கேன், அதனால இந்த விஷயத்துல என்னால சும்மா இருக்க முடியல. புகையில இருக்குற பிஎம் 2.5-ன்னு சொல்ற ரொம்ப நுண்ணிய தூசி ஜன்னல மூடினாலும் பழைய வீட்டுக்குள்ள நுழையும், ஏன்னா பழைய வீட்டுல ஜன்னலத் தவிர ஆயிரம் ஓட்டை இருக்கும்.

இதனாலதான் சட்டமே வந்துச்சு. வெர்மான்ட் மாநிலம் 1997-லயே விதி போட்டுச்சு. நியூயார்க்ல 2011-லேர்ந்து புதுசா வைக்கிற பாய்லர் சான்றிதழ் வாங்கினதா இருக்கணும், சிம்னி தரையிலேர்ந்து 18 அடியாவது இருக்கணும், வீட்டு பாய்லர்னா அடுத்தவங்க எல்லையிலேர்ந்து 100 அடியாவது தள்ளி வைக்கணும். மத்திய அரசோட சுற்றுச்சூழல் நிறுவனம், அதான் இபிஏ, 2015-ல 10 லட்சம் பிடியு (சூட்ட அளக்குற அலகு) சூட்டுக்கு 0.32 பவுண்டு தூசிக்கு மேல வரக்கூடாதுன்னு வச்சு, 2020 மே மாசத்துலேர்ந்து அத 0.10 ஆக்கிட்டாங்க. அதனால ஆன்லைன்ல யாரோ பாதி விலைக்குப் போடுற துருப்பிடிச்ச பழைய பாய்லரப் பாத்து ஆசைப்படாதீங்க. கொண்டுவந்து வச்சப்புறம் டவுன் ஆபீஸ்லேர்ந்து எடுக்கச் சொன்னா போட்ட காசும் போச்சு, பக்கத்து வீட்டு உறவும் போச்சு.

புது மாடல்ல பெரும்பாலும் கேஸிஃபிகேஷன்னு சொல்றாங்க. மேல கட்டை கனியும், அதுலேர்ந்து வர்ற புகைய ஒரு ஃபேன் கீழ்ப்பக்கமா இழுத்து ஒரு சின்ன பிளவு வழியா செராமிக் அறைக்குள்ள தள்ளும், அங்க 1,000 டிகிரி சூட்டுல அந்தப் புகையே எரிஞ்சிடும். நல்லா பத்திக்கிச்சுன்னா சிம்னியில புகையே கண்ணுக்குத் தெரியாது, வெறும் அனல்தான். கட்டை போடப் போறப்ப மட்டும் அவசரப்படக்கூடாது, முதல்ல பைபாஸ, அதாவது புகை நேரா சிம்னிக்குப் போற வழிய, திறந்து கொஞ்ச நேரம் விடணும், அப்புறம் கதவ ஒரு அங்குலம் மட்டும் திறந்து நிறுத்தணும், உள்ள தேங்கின புகை மேல போனப்புறம்தான் முழுசாத் திறக்கணும், இல்லன்னா குப்புனு தீ முகத்துக்கு வரும். இத கட்டுரையில ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ஆனா இந்த புது மாடல் எல்லாத்துக்கும் ஒரு நிபந்தனை, விறகு காஞ்சிருக்கணும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள்ள. வெட்டின உடனே இருக்குற மரத்துல எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணிதான், அத அடுப்புல போட்டா உங்க சூடு முதல்ல அந்தத் தண்ணிய ஆவியாக்குறதுக்கே போயிடும், செராமிக் அறையும் சூடேறாது, கடைசியில பழைய மாடல் மாதிரியே புகையும். "நல்லா காஞ்சதுதான்"னு விக்கிறவர் சொல்றத நம்பாதீங்க, ரெண்டு ஊசி வச்ச ஈரமானி எந்த ஹார்டுவேர் கடையிலயும் கிடைக்கும். அதக் கட்டையோட முனையில குத்துனா முனை சீக்கிரம் காஞ்சிருக்கும், நம்பர் கம்மியா காட்டி ஏமாத்தும். ஒரு கட்டையக் கோடாலியால ரெண்டா பிளந்து, புதுசாத் தெரியுற உள்பக்கத்துல நடுவுல குத்திப் பாக்கணும். 30-ன்னு காட்டுச்சுன்னா அது அடுத்த வருஷத்து விறகு. ஓக் மரம்னா பிளந்து அடுக்கி ரெண்டு வருஷம்கூட விடணும். சாம்பல் மரம்னு ஊர்ல மொழிபெயர்க்குறாங்க, ஆஷ் மரம், அது சீக்கிரம் காயும், அதுவும் இப்ப எமரால்டு ஆஷ் போரர்னு பச்சை வண்டு வந்து, 2002-ல மிச்சிகன்ல முதல்ல கண்டுபிடிச்சாங்க, 2009-ல நியூயார்க்குக்கும் வந்துடுச்சு, அதனால செத்த ஆஷ் மரம் எங்க பாத்தாலும் நிக்குது. அந்த வண்டு பரவக்கூடாதுன்னுதான் பதப்படுத்தாத விறக 50 மைலுக்கு மேல கொண்டு போகக்கூடாதுன்னு இங்க சட்டம். எங்க பக்கம் ஆமிஷ் குடும்பங்க, அதாவது பழைய முறையிலயே வாழுற கிறிஸ்தவங்க, நெறைய இருக்காங்க, அவங்க மரமில்லுலேர்ந்து விறகு வாங்கறவங்க உண்டு.

விறகு அளவு கார்டுன்னு சொல்லுவாங்க, 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம், மொத்தம் 128 கன அடி. சில பேரு "ஃபேஸ் கார்டு"ன்னு அதுல மூணுல ஒரு பங்கத்தான் தருவாங்க, விலை கேக்குறப்பவே எதுன்னு கேட்டுக்கோங்க. காஞ்ச மேப்பிள் ஒரு கார்டுல 2 கோடி பிடியுவுக்கு மேல இருக்கு, ஒரு கேலன் ஹீட்டிங் ஆயில்ல சுமார் 1,38,000 பிடியு. கணக்கு போட்டா விறகு லாபம்தான். ஆனா வெட்டுறது, பிளக்குறது, அடுக்குறது, பனியில தினம் ரெண்டு தடவை போய் கட்டை போடுறது, அந்த உழைப்பையும் சேத்துக்கணும். "இலவச சூடு"ன்னு தலைப்புல போட்டது அந்த உழைப்ப மறைக்குது.

சரி, இப்ப கட்டுரையில சுத்தமா விட்டுப்போன விஷயத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு முக்கியம். வீடு. இந்தப் பக்கத்து பழைய பண்ணை வீடு நெறைய "பலூன் ஃப்ரேம்" முறையில கட்டினது, அதாவது சுவருக்குள்ள இருக்குற மரச்சட்டம் பேஸ்மென்ட்லேர்ந்து கூரை வரைக்கும் ஒரே நீளம், நடுவுல தடுப்பே இல்ல. கீழ கல்லடுக்கு அஸ்திவாரத்துல நுழையுற குளிர் காத்து சுவருக்குள்ளயே மேல ஏறி அட்டிக், அதாவது கூரைக்கடியில இருக்குற பரண், வழியா வெளிய போகும், வீடே ஒரு சிம்னி மாதிரி இழுக்கும். இந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய பாய்லர் வச்சாலும் நீங்க கூரைக்கு மேல இருக்குற வானத்தத்தான் சூடாக்குறீங்க. முதல்ல புளோயர் டோர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, வாசக்கதவுல ஒரு பெரிய ஃபேன மாட்டி வீட்டுக் காத்த வெளிய இழுப்பாங்க, அப்ப கைய நீட்டிக்கிட்டு நடந்தா எங்கெங்க காத்து பிய்ச்சுக்கிட்டு வருதுன்னு தெரியும். எங்க வீட்டுல ஜன்னல்ல வரும்னு நெனச்சிருந்தோம், ஆனா பலமா வந்தது அஸ்திவாரக் கல்லுக்கு மேல மரம் உக்காருற இடத்துலயும் அட்டிக் மூடிக்குப் பக்கத்துலயும்தான். அங்க ஃபோம் அடிச்சு, சுவர்ல வெளிப்பக்கத்துலேர்ந்து ஓட்டை போட்டு செல்லுலோஸ, அதாவது காகிதத்தூள் மாதிரி இருக்குற இன்சுலேஷன, இறுக்கி அடைச்சோம். பீங்கான் குமிழ், குழாய் வச்சுப் போட்ட பழைய நாப் அண்ட் ட்யூப் வயரிங் சுவருக்குள்ள இருந்தா அத மாத்தாம அடைக்கக்கூடாது, தீ ஆபத்து. அட்டிக்ல மினுமினுன்னு கூழாங்கல்லு மாதிரி வெர்மிகுலைட்னு பழைய இன்சுலேஷன் கெடந்தா கையே வைக்காதீங்க, அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதுக்குன்னு பழகின ஆளுங்களத்தான் கூப்பிடணும். அடைச்சப்புறம் அதே வீட்டுக்கு சின்ன பாய்லரே போதும், விறகும் கம்மி, புகையும் கம்மி. பெருசா வாங்கிட்டு அப்புறம் வீட்ட அடைச்சா பாய்லர் பாதி நேரம் சும்மா கனிஞ்சுக்கிட்டே கெடக்கும், அது பழைய புகைக் கதைதான்.

இன்னொண்ணு, பழைய வீட்டுல வார்ப்பிரும்பு ரேடியேட்டர் அழகா இருக்கும், ஆனா அது வெந்நீர் ரேடியேட்டரா நீராவி ரேடியேட்டரான்னு பாருங்க. ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஒரே ஒரு பைப்தான் போகுதுன்னா அது பெரும்பாலும் நீராவி. வெளி விறகு பாய்லர் நீராவி உண்டாக்காது, அதனால அந்த பைப் எல்லாத்தையும் மாத்தணும், அந்தச் செலவ யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. மண்ணுக்கடியில போற பைப்புலயும் காசு பாக்காதீங்க. நெளிவு பைப்புக்குள்ள மெல்லிசா ஏதோ சுத்தி விக்கிறது மலிவு, ஆனா அதுக்குள்ள நிலத்தடித் தண்ணி புகுந்துடும், அப்புறம் ஜனவரியில தோட்டம் பூரா முழங்கால் ஆழம் பனி இருக்குறப்ப பாய்லர்லேர்ந்து வீடு வரைக்கும் ஒரு கோடு மட்டும் பனி உருகி பச்சைப் புல்லு தெரியும். அந்தப் புல்லுக்கு நீங்கதான் விறகு போடுறீங்க. ஃபோம் நிரப்பின நல்ல பைப்பே போடுங்க. திரும்பி வர்ற தண்ணி 60 டிகிரிக்குக் கீழ போகாம ஒரு வால்வும் வேணும், இல்லன்னா அடுப்புச் சுவர்ல ஈரம் படிஞ்சு இரும்ப அரிச்சுடும். தண்ணியில துருப்பிடிக்காம இருக்க மருந்து கலந்து வருஷா வருஷம் டெஸ்ட்டுக்கு அனுப்பணும்.

கரண்ட் போனா? பம்ப் நின்னுடும். 1998 ஜனவரி ஐஸ் புயல்ல இந்தப் பக்கம் வாரக்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தாங்கன்னு இன்னிக்கும் பேசுவாங்க. ஒரு ஜெனரேட்டரோ, வீட்டுக்குள்ள கரண்ட் வேண்டாத சின்ன விறகு ஸ்டவ்வோ கட்டாயம் இருக்கணும்.

கடைசியா ஒரு திருத்தம். பாய்லருக்கு 30 சதவீதம், 2,000 டாலர் வரைக்கும் மத்திய அரசு வரிச்சலுகை கிடைக்கும்னு கட்டுரையில இருக்கு. அது 2025 டிசம்பர் 31-க்குள்ள வச்சு முடிச்சவங்களுக்குத்தான், இப்ப புதுசா வைக்கிறவங்களுக்குக் கிடையாது. நம்ம ஆளுங்க அந்தப் பணத்த நம்பி கடன் வாங்கிடப் போறாங்க, அதனால தயவுசெஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமையே அதே பக்கத்துல இத ஒரு வரியா போடுங்க. 18 அடி சிம்னி, 100 அடி தூரம் ரெண்டையும் அதோடயே சேத்துப் போட்டீங்கன்னா ரொம்ப நல்லது, ஏன்னா இங்க கோடையிலதான் எல்லாரும் பள்ளம் தோண்டி பைப் போட ஆரம்பிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செயின்ட் லாரன்ஸ் கவுன்ட்டி, நியூயார்க் மாநிலம்