சமாதான ப்ராஜெக்ட்டுக்குக் குடுக்குற காசு பாதியில நிக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சண்டை ஓஞ்ச நாட்டுக்கு உதவின்னாலே ரோடு, பாலம், கரண்ட், வீடுன்னுதான் எல்லாரும் பேசுறாங்க, அதெல்லாம் வேணும்தான், ஆனா நேத்து வரைக்கும் வெட்டிக்கிட்டு நின்ன ரெண்டு தரப்பு சனமும் நாளைக்கு ஒரே ஆஸ்பத்திரி வரிசையில நிக்கணுமே, அவங்க பிள்ளைங்க ஒரே கிளாஸ்ல உக்காரணுமே, அதுக்கு யாரு காசு ஒதுக்குறா? ஒதுக்கினாலும் ஒரு வருசம், ரெண்டு வருசம். அப்புறம் ப்ராஜெக்ட் முடிஞ்சதுன்னு ஆபீஸைப் பூட்டிட்டுப் போயிடுறாங்க. இது எனக்கு ரொம்ப நாளா மனசை அறுக்குற விஷயம், அதான் எழுதுறேன்.

வட அயர்லாந்தைப் பாருங்க. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சமூகங்களுக்கு நடுவுல 30 வருசச் சண்டை, 3,500 பேருக்கு மேல செத்தாங்க. 1994ல போர்நிறுத்தம் வந்துச்சு, மறு வருசமே ஐரோப்பிய யூனியன் 'பீஸ்'னு ஒரு புரோகிராம் ஆரம்பிச்சு பணம் போட்டுச்சு. 'புனித வெள்ளி ஒப்பந்தம்'ங்கிற சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1998லதான், அதாவது தலைவருங்க பேசி முடிக்கிறதுக்கு மூணு வருசம் முன்னாடியே தெருவுல வேலை தொடங்கியாச்சு. நடுவுல 1996ல போர்நிறுத்தம் முறிஞ்சு லண்டன்ல குண்டு வெடிச்சுது, அப்பவும் அந்தப் பணத்தை நிறுத்தல. எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது.

அதுல இன்னொண்ணு, காசு முழுசையும் மேலிருந்தே பங்கு போட்டுக் குடுக்கல, ஒரு பகுதியை ஊர்க்காரங்க கையிலயே விட்டாங்க. 26 மாவட்டத்துலயும் ஒரு கமிட்டி போட்டாங்க, மூணுல ஒரு பங்கு கவுன்சிலர்கள், ஒரு பங்கு ஊர் அமைப்புக்காரங்க, மிச்சம் வியாபாரிங்க, தொழிற்சங்கம் மாதிரி ஆளுங்க. முகம் குடுத்துப் பேசாத கட்சிக்காரங்க ஒரே மேசையில உக்காந்து எந்த வேலைக்கு எவ்வளவுன்னு முடிவு பண்ண வேண்டியதாச்சு. காசைப் பிரிக்கிற அந்த வேலையே ஒரு சமாதான வேலையா ஆயிடுச்சு பாருங்க.

பிரிட்டன் யூனியனை விட்டு வெளிய போன பிறகும் 'பீஸ்பிளஸ்'னு பேர் மாத்தி 2021-27க்கு ஐரோப்பிய யூனியனும் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து 100 கோடி யூரோவுக்கு மேல ஒதுக்கியிருக்காங்க. இத்தனை வருசமா கொட்டியும் வட அயர்லாந்துத் தலைநகர் பெல்ஃபாஸ்ட்ல ரெண்டு சமூகத்தையும் பிரிக்கிற சுவர் இன்னும் நிக்குது, 2023க்குள்ள எல்லாத்தையும் எடுத்துடுவோம்னு சொன்னது நடக்கலையேன்னு கேக்குறவங்க இருக்காங்க. நியாயமான கேள்விதான். ஆனா சுவரை இடிக்க ஒரு நாள் போதும், அந்தச் சுவரை ஒட்டி வீடு வச்சிருக்கிற அம்மாவுக்கு ராத்திரி பயமில்லாம தூக்கம் வரணுமே, அதுக்கு ஒருத்தர் அவங்க வீட்டுக்கு வருசக்கணக்கா போய்ப் போய்ப் பேசணும். அப்படிப் பேசுற ஆளையே ஒரு வருச கான்ட்ராக்ட்ல வச்சா என்ன நடக்கும்? நம்பிக்கை வர்ற நேரத்துல ஆள் மாறிடும்.

பாதியில விட்டா வெறுமனே வேஸ்ட் ஆகுறது மட்டும் இல்ல, காயமும் ஆகும். மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன்ல 1991லேருந்து 2002 வரைக்கும் உள்நாட்டுப் போர். அதுக்கப்புறம் ஒரு அமைப்பு ஊர் ஊரா போய் பாதிக்கப்பட்டவங்களையும் கொடுமை பண்ணவங்களையும் ஊர் முன்னாடி உக்கார வச்சு பேச வச்சுது. 200 ஊரை எடுத்துக்கிட்டு நடத்தின ஆய்வு 2016ல வந்துச்சு. பேச வச்ச ஊர்கள்ல மன்னிக்கிற மனசு கூடியிருக்கு, ஊர் வேலைக்கு சேர்ந்து வர்றதும் கூடியிருக்கு, ஆனா அதே சனத்துக்கு மன அழுத்தம், பதட்டம், டிப்ரஷன் எல்லாம் அதிகமாயிடுச்சு, அதுவும் 31 மாசம் கழிச்சுப் பாத்தப்பவும் அப்படியே இருந்துச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு. ஊர் சேர்ந்துச்சு, அதுக்கான விலையை அழுதவங்க தனியா குடுத்தாங்க. பழைய காயத்தைத் திறந்து பேச வைக்கிறோம்னா, அடுத்த மாசமும் அடுத்த வருசமும் அந்த ஆளைப் போய்ப் பாக்குறதுக்கு ஒரு மனநல ஆலோசகருக்குச் சம்பளம் பட்ஜெட்லயே இருக்கணும். அது இல்லாத ப்ராஜெக்டுக்கு காசே குடுக்கக் கூடாதுங்கிறது என் கருத்து.

இன்னும் ஒண்ணு. எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தாங்க, எத்தனை போட்டோ இருக்குன்னு கேக்குறதை விடுங்க. ரெண்டு தரப்பு பொம்பளைங்களும் யாரும் கூப்பிடாமலே சந்திச்சுக்கிறாங்களா, ஒரு வதந்தி வந்தா மறுதரப்புக்கு போன் போட்டு கேக்குற ஆள் இருக்காங்களா, அதைக் கேளுங்க. நாலு பேர் சேர்ந்து நடத்துற சின்ன குழுவால நூறு பக்க ஃபார்ம் நிரப்ப முடியாது, அதனாலேயே காசு எல்லாம் இங்கிலீஷ் தெரிஞ்ச பெரிய அமைப்புக்கே போயிடுது.

இனிமே எந்த நாட்டுக்காவது சமாதான நிதின்னு அறிவிப்பு வந்தா, தொகையை மட்டும் தலைப்புல போடாம, எத்தனை வருசத்துக்கு, ஊர்க்காரங்க கைக்கு எவ்வளவு, முடிஞ்ச பிறகு யார் பாத்துக்குவாங்கன்னு உங்க நிருபர்கள் கேட்டு எழுதணும்னு வேண்டிக் கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்