பாதுகாப்புப் பாடம் பெரியவர்களிடமிருந்து தொடங்கட்டும்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

பாலியல் அத்துமீறலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளக் குழந்தைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதில் உங்களில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. பல பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒருவரை அழைத்து, பிள்ளைகளை அரங்கில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசச் செய்கின்றன; சில பள்ளிகள் கராத்தே வகுப்பும் நடத்துகின்றன. அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அத்துடன் கடமை முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அத்தகைய உரைகள் பெரும்பாலும் மிட்டாய் நீட்டும் அறிமுகமற்ற ஆளைப் பற்றியே எச்சரிக்கின்றன. உண்மையில், குழந்தைகளிடம் அத்துமீறுவோரில் மிகப் பலர் அக்குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள்: உறவினர், குடும்ப நண்பர், பயிற்சியாளர், சில வேளைகளில் நம்மைப் போன்ற ஆசிரியர். அவர்கள் எடுத்த எடுப்பில் மிரட்டுவதில்லை. தனிக் கவனம் காட்டி, பரிசு கொடுத்து, பெற்றோரின் நம்பிக்கையையும் பெற்று, ‘இது நமக்குள் இருக்கட்டும்’ என்று ஒரு சிறு விஷயத்தை மறைக்கச் சொல்லி, குழந்தை அதை வீட்டில் சொல்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடி வைக்கிறார்கள். அன்பாகப் பழகிய ஒருவரை உதைத்துத் தள்ள எட்டு வயதுப் பிள்ளைக்கு மனம் வராது. கராத்தே அங்கே கைகொடுப்பதில்லை. தொடுதலைப் பற்றிய இரகசியம் எதையும் காக்க வேண்டியதில்லை, யார் மறைக்கச் சொன்னாலும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடலாம் என்ற தெளிவுதான் அக்குழந்தைக்கு உதவும்.

அந்தத் தெளிவு கேட்ட மாத்திரத்தில் வந்துவிடுவதில்லை. நீச்சலைக் கரும்பலகையில் கற்பிக்க முடியாததைப் போலவே இதையும் வெறும் பேச்சால் கற்பிக்க முடியாது. ஆசிரியர் நடித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நின்று ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லி, விலகிச் சென்று, ஒரு பெரியவரிடம் நடந்ததைச் சொல்லிப் பழக வேண்டும். மருத்துவ, நல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பல நாடுகளின் பள்ளிகளில் 5,802 பிள்ளைகளிடம் நடந்த 24 ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்தது. இத்தகைய கல்வி பிள்ளைகளின் அறிவையும் தற்காப்பு நடத்தையையும் மேம்படுத்துகிறது என்றும், அது பிள்ளைகளிடம் அச்சத்தைக் கூட்டியதற்குச் சான்றில்லை என்றும் அது கண்டறிந்தது. ‘இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்’ என்று தயங்கும் பெற்றோரிடம் நீங்கள் துணிந்து எடுத்துச் சொல்லக்கூடிய செய்தி இது.

ஆனால் இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. ‘பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு பேசாதே’ என்று ஆண்டு முழுவதும் பழக்கிவிட்டு, ஒரே ஒரு நாள் மட்டும் ‘பிடிக்காவிட்டால் மறுத்துவிடு’ என்று கற்பித்தால் குழந்தை எதை நம்பும்? கன்னத்தைக் கிள்ள வரும் கையை ஒரு குழந்தை தட்டிவிட்டால், அதைத் திமிர் என்று கண்டிக்காமல் கையை எடுத்துக்கொள்ளும் ஆசிரியரிடமிருந்துதான் தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதை அது கற்கிறது. நாம் தன்னம்பிக்கை என்று பேசுவதெல்லாம் இத்தகைய சிறு நிகழ்வுகளில் உருவாவதே. 1989இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 19ஆம் பிரிவில் வன்முறையிலிருந்து பாதுகாப்பையும், 12ஆம் பிரிவில் தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும் உறுதி செய்கிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவது நிறைவேறாது என்பதே என் உறுதியான எண்ணம்.

குழந்தை வந்து சொல்லும்போது நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதும் இந்தப் பாடத்தின் பகுதியே. அது பெரும்பாலும் முழுதாகச் சொல்லாது. பாதி சொல்லும், மறுநாள் இல்லை என்று மறுக்கவும் கூடும். ‘ஏன் கத்தவில்லை? ஏன் ஓடிவரவில்லை?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அச்சத்தில் உடல் உறைந்து குரல் எழாமல் போவது இயல்பான எதிர்வினை. அந்தக் கேள்வியோ பழியைக் குழந்தையின் தலையில் வைத்துவிடும். ‘நீ சொன்னது நல்லது, இதில் உன் தவறு எதுவும் இல்லை’ என்று சொல்லி, துருவித் துருவி விசாரிக்காமல், அது சொன்ன சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு உரிய அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குறுதி தந்துவிடவும் கூடாது.

ஆண் பிள்ளைகளை இவ்வகுப்புகளிலிருந்து வெளியே அனுப்பாதீர்கள், அவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளையோ ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. அவர்கள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று 2012இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. பேச இயலாத குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்பதைக் காட்டப் படமோ சைகையோ வேண்டும். அதை உடன் இருக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த கல்வியாண்டில் பிள்ளைகளுக்கான முதல் வகுப்பை நடத்துவதற்கு முன், அலுவலர், வாகன ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் உட்படப் பள்ளியில் பணிபுரியும் அனைவருக்கும் ஒரு நாள் பயிற்சி அளியுங்கள். ஒரு குழந்தை முறையிட்டால் அதை யார் கேட்பது, யாரிடம் தெரிவிப்பது, குற்றம் சாட்டப்படுபவர் பள்ளியிலேயே பணிபுரிபவராக இருந்தால் என்ன செய்வது என்பதை எழுத்தில் வகுத்து, பெற்றோருக்கும் ஒரு படி கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஓர் ஆசிரியர்