கடற்புல் மேல் இழுவை மடி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்கடல்களின் அடிச்சேறு, செத்து விழும் உயிர்களின் கார்பனைப் பூட்டி வைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் குளிரில் எதுவும் மக்காது என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடும். அப்படியில்லை. ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலடியில், பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரிலும், அதற்கே பழகிய பாக்டீரியாக்கள் விடாமல் வேலை செய்கின்றன. செத்து விழும் நுண்பாசி முதலில் ஆக்சிஜனால் சிதைகிறது. கரையோரச் சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் ஆக்சிஜனுக்குப் பதிலாக பாக்டீரியாக்கள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, அதற்கும் அடியில் சல்பேட் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். சல்பேட்டிலிருந்து பிறக்கும் வாயுவுக்குத்தான் கூமுட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்தால் சேறு கறுத்துவிடும்.

இதைப் பார்க்க ஆர்க்டிக் போக வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் காரங்காட்டு அலையாத்திக் காட்டோரம், நீர் வற்றிய நேரத்தில் ஒரு குச்சியால் கிளறினால் போதும். மேலே மெல்லிய பழுப்பு, அடியில் மை போலக் கறுப்பு. வேலையில் இருந்தபோது அந்தக் கறுப்புச் சேற்றைத் தட்டில் பரப்பி வகுப்பு மேசையில் வைப்பேன். மறுநாள் மேற்பரப்பு பழுப்பாகியிருக்கும்; காற்றுப் பட்டு இரும்பு துருவேறிவிடும். அடியில் இன்னும் கறுப்பு இருக்கிறதா என்று பிள்ளைகள் விரலால் கீறிப் பார்ப்பார்கள்.

ஆக, கார்பனைக் காப்பதில் குளிருக்குப் பங்கு உண்டு என்றாலும், மேலே மேலே சேறு வந்து மூடுவதும் ஆக்சிஜன் எட்டாமல் இருப்பதும்தான் பெரிய காவல். பனியாறு குடைந்த ஃபியோர்டுகள் (ஒடுங்கிய, ஆழமான கடற்கழிகள்) உலகக் கடற்பரப்பில் 0.1 சதவீதம்தான். ஆனால் கடலடியில் ஆண்டுதோறும் புதையும் கரிமப் பொருளில் சுமார் 11 சதவீதம் அங்கேதான் புதைகிறது.

எங்கள் பாக் விரிகுடாவில் அந்தக் குளிரும் இல்லை. மக்குவது மளமளவென நடக்கும். இங்கே சேற்றைப் பிடித்து வைப்பது கடற்புல்லின் வேர். அதைத்தான் இழுவை மடி, விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகும் வலை, வாரிக்கொண்டு போகிறது. ஆழமில்லாத கடல், மடி போன வழியெல்லாம் கலங்கி, புதைந்து கிடந்த கார்பன் மறுபடி ஆக்சிஜனைத் தொடுகிறது. என் மேசைத் தட்டில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கிறது.

கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 61 நாள் தடைக்காலத்தில் காட்டும் கண்டிப்பை இதிலும் காட்ட வேண்டும். இதைப் பற்றி எழுதுங்கள் ஐயா. எழுதும்போது மண்டபத்துக் கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளோடு, கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களையும் கேளுங்கள். எந்த இடத்தில் புல் போய் வெறும் சேறாகிவிட்டது என்று அவர்கள் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
தொண்டி