போர்ஷன் அப்புறம் பாத்துக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல புயல் நிவாரணம் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். தென்னை எவ்வளவு போச்சு, படகு எவ்வளவு போச்சுன்னு எல்லாம் விலாவாரியா எழுதியிருந்தீங்க, சந்தோஷம். ஆனா பிள்ளைங்களைப் பத்தி இருந்தது ஒரே ஒரு வரி, பாடப்புத்தகம் திரும்பக் குடுத்தாங்கன்னு, அதுங்க மனசுல இருக்குற பயத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல. கஜா புயல் அடிச்சப்ப நான் வேதாரண்யம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளில டீச்சரா இருந்தேன், அதனால அந்த ஒரு வரியோட விட்டுட்டுப் போக மனசு வரல.

2018 நவம்பர் 16, நடுராத்திரி தாண்டி கரை கடந்துச்சு. பிள்ளைங்க எல்லாம் தூக்கத்துல இருந்து எழுப்பப்பட்டு, இருட்டுல, கூரை பிச்சுக்கிட்டுப் போறதைப் பாத்துக்கிட்டே ஓடுனதுங்க. அப்புறம் வாரக்கணக்குல கரண்ட்டும் இல்ல. அதனாலயோ என்னவோ அதுங்களுக்குப் பயம் பகல்ல இல்ல, ராத்திரிலதான். நாலாவது படிக்கிற புள்ள படுக்கையை நனைக்குதுன்னு அம்மாக்காரங்க வெக்கப்பட்டுக்கிட்டு என்கிட்ட காதோட காதா சொல்லுவாங்க, சில பேரு சூடு வெக்கிறேன்னு மிரட்டியும் இருக்காங்க. ஆனா 2004-ல சுனாமி அடிச்சது ஞாயித்துக்கிழமை காலைல, நல்ல வெளிச்சத்துல, அங்க பயம் கடல் மேல. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல செத்துப்போனாங்க, கடல்லயே நீந்தி வளந்த மீனவப் பிள்ளைங்க அதுக்கப்புறம் மணல்ல கால் வைக்க மாட்டேன்னு அழுததை அந்தப் பக்கத்து ஆளுங்க இன்னிக்கும் சொல்லுவாங்க.

என் கிளாஸ்ல ஒரு பொண்ணு, பேரு வேண்டாம், வானம் லேசா இருட்டுனாப் போதும், ஸ்கூல் பைல ரேஷன் கார்டையும் தம்பியோட செருப்பையும் எடுத்து வெச்சுக்கிட்டு வரும். புக்கை எடுன்னா அந்த செருப்புதான் முதல்ல வெளிய வரும். அந்த ராத்திரி தம்பி செருப்பில்லாம ஓடி கால்ல ஓடு கிழிச்சுடுச்சாம், இனிமே அப்படி ஆகக்கூடாதுன்னு இந்தச் சின்ன மண்டைக்குள்ள ஒரு ஏற்பாடு. வீட்ல பெரியவங்களுக்குத் தெரியவே தெரியாது, ரேஷன் கார்டைக் காணோம்னு வேற தேடியிருக்காங்க! பிள்ளைங்க சிரிச்சு விளையாடிக்கிட்டு இருந்தா மறந்துடுச்சுன்னு நாம நினைக்கிறோம், அதெல்லாம் சும்மா.

விளையாட்டுன்னதும் ஞாபகம் வருது. இண்டர்வெல்ல புயல் விளையாட்டுதான் விளையாடுவாங்க. ஒருத்தன் காத்து, மத்தவங்க தென்னமரம், அவன் ஊதிக்கிட்டே ஓடி வந்தா எல்லாரும் விழணும். அபசகுனம்னு சக டீச்சர் ஒருத்தங்க குச்சியை எடுத்துக்கிட்டு விரட்டுவாங்க, நான் விடுங்கக்கான்னு சொல்லுவேன். ரொம்ப நாளு எல்லாரும் விழுறதோட ஆட்டம் முடிஞ்சுடும். அப்புறம் ஒருநாள் ஒரு வாண்டு "கரண்ட்டு வந்துடுச்சே"ன்னு கத்துனான், விழுந்து கிடந்ததுங்க எல்லாம் எந்திரிச்சு ஒரே ஆட்டம், அன்னிலேருந்து அதுதான் கிளைமாக்ஸ். ஆட்டத்தோட முடிவு இப்படி மாறுனா புள்ள தேறுதுன்னு அர்த்தம். மாசக்கணக்கா ஒரே மாதிரி, சிரிப்பே இல்லாம விளையாடுதுன்னா, இல்ல பேச்சே குறைஞ்சுபோச்சுன்னா, ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லாம தினம் வயித்துவலின்னு சொல்லுதுன்னா, அதைத்தான் கவுன்சிலர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ காட்டணும்.

ஆனா எங்களுக்கு இதெல்லாம் பாக்க நேரம் எங்க குடுத்தாங்க? ஸ்கூலே நிவாரண முகாமா இருந்துச்சு, ஜனங்க காலி பண்ணி ப்ளீச்சிங் பவுடர் வாசனை கூட போகல, திறந்த அன்னிக்கே போர்ஷன் எவ்வளவு பாக்கி, டெஸ்ட் எப்பன்னு மேலேருந்து கேள்வி. ஸ்கூலை சீக்கிரம் திறக்கணும், அதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்ல, அதே மணி, அதே சத்துணவு, பக்கத்துல அதே ஃப்ரெண்டு, இதுதான் பயந்த புள்ளைக்கு முதல் மருந்து. திறந்ததும் முதல் ரெண்டு வாரம் வரையறது, பாட்டு, விளையாட்டு, பேசணும்னா பேசட்டும், வேண்டாம்னா விடுங்க, அதைத்தான் கேக்குறேன்.

கேரளாவுல செஞ்சாங்களே. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுல வெள்ளார்மலை ஸ்கூல் உருக்குலைஞ்சு போச்சு. அந்தப் பிள்ளைங்களை ஆளுக்கொரு ஸ்கூல்ல பிரிச்சுப் போடாம, மேப்பாடில ஒண்ணா வெச்சு செப்டம்பர் 2 திறந்தாங்க, அதுவும் திருவிழா மாதிரி வரவேற்பு குடுத்து. நம்ம ஊர்லயும் சுனாமிக்கு அப்புறம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி ஆளுங்க வந்து டீச்சருங்க, அங்கன்வாடி அக்காங்களுக்கு எல்லாம் ட்ரெய்னிங் குடுத்தாங்களே, அது ஏன் ஒவ்வொரு புயலுக்கும் முன்னாடி நடக்கல? அக்டோபர்ல மழை வரும்னு ஊருக்கே தெரியும், ஜூன்லயே ஒரு ஒருநாள் பயிற்சி வைக்கிறதுல என்ன கஷ்டம்?

அப்பா அம்மாவையும் சேத்துதான் பாக்கணும். தென்னை போச்சு, மாமரம் போச்சு, உப்பளம் சேறாப் போச்சுன்னு அப்பா திருப்பூருக்குக் கிளம்புனா, புயல்ல போகாத அப்பா இப்பப் போறாருன்னு புள்ளைக்கு அது ரெண்டாவது அடி. அதுக்கு வீட்டுக்குப் பணம் சீக்கிரம் வரணும், கவுன்சிலிங் மட்டும் வெச்சு ஒண்ணும் ஆகாது.

கடைசியா, கோவிச்சுக்காதீங்க, பத்திரிகைக்காரங்களுக்கும் ஒண்ணு. முகாம்ல அழுதுக்கிட்டு நிக்கிற புள்ள மூஞ்சில மைக்கை நீட்டி "அன்னிக்கு என்ன பாத்த, பயமா இருந்துச்சா"ன்னு கேக்குறதை நிறுத்துங்க. ஒரு சேனல் போனதும் அடுத்த சேனல் வரும், அந்தப் புள்ள முதல்லேருந்து திரும்பச் சொல்லும், சுத்தி நிக்கிற நாங்களும் "சொல்லுடா, மாமா கேக்குறாங்கல்ல"ன்னு தள்ளி விட்டுருக்கோம். அந்த இடத்துல போட்டோவுக்குப் பதிலா குழந்தைங்க உதவிக்கான 1098, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 ரெண்டு நம்பரையும் பெருசா போடுங்க, ரெண்டுக்கும் காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். வர்ற மழை சீசன்லேருந்து வானிலைச் செய்திக்குப் பக்கத்துல ஒரு பெட்டி ஒதுக்க முடியுமான்னு பாத்துச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
வேதாரண்யம் வட்டம்