தூக்கத்தைக் கெடுக்காத காப்பி

அன்புள்ள சாரதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மழைதான் விட்டபாடில்லை.

சாயந்திரம் நாலு மணிக் காப்பி குடித்தால் நெஞ்சு படபடப்பு, ராத்திரி ஒரு மணி வரை கொட்டக் கொட்ட விழிப்பு என்று எழுதியிருக்கிறாய். அதற்காகக் காப்பியை விட்டுவிடாதே. கொட்டையை மாற்று.

படபடப்புக்குக் காரணமான கஃபீன் எவ்வளவு என்பது முதலில் கொட்டையின் இனத்தைப் பொறுத்தது. அராபிகாவில் எடைக்குச் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் சுமார் 2.2. இரண்டு டம்ளருக்கு 15 கிராம் பொடி போடுகிறாய், அதில் 30 சதவீதம் சிக்கரி என்று வைத்துக்கொள். சிக்கரியில் கஃபீனே கிடையாது. மிச்சம் பத்தரை கிராம் காப்பி முழுக்க அராபிகா என்றால் கஃபீன் 125 மில்லிகிராம் போல வரும்; முழுக்க ரொபஸ்டா என்றால் 230 வரும். அதே டம்ளர், அதே பால், உள்ளே போவது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கடையில் போய் "நல்ல பொடி கொடுங்க" என்றால் ரொபஸ்டா கலந்துதான் வர வாய்ப்பு. விலை குறைவு, டிக்காஷன் கெட்டியாக நிற்கும். "பிளான்டேஷன் ஏ மட்டும், ரொபஸ்டா வேண்டாம்" என்று கேள். பிளான்டேஷன் ஏ என்பது அராபிகாவில் ஒரு தரம். பீபெரி சேர்க்கிறேன் என்றால் அராபிகா பீபெரியா, ரொபஸ்டா பீபெரியா என்று கேட்காமல் விடாதே. பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றைக் கொட்டையாக உருண்டு விளைந்தால் பீபெரி. அது இரண்டு இனத்திலும் உண்டு. கண்ணெதிரே வறுத்து அரைக்கும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது. பாக்கெட் பொடியில் காப்பி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை என்று அச்சடித்திருக்கும். ஆனால் அந்தக் காப்பி எந்த இனம் என்று எல்லாரும் போடுவதில்லை.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதே. கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக, கறுத்து இறங்கும் டிக்காஷனில் பாதிக் கறுப்பு சிக்கரியுடையது. கொட்டையைக் கருக வறுத்தாலும் கஃபீன் பெரிதாகக் குறையாது.

ஃபில்டரில் 15 கிராம் பொடி போட்டு, குடையால் (காம்பு வைத்த துளைத் தட்டு) லேசாக அமுக்கி, கொதித்த தண்ணீர் 100 மில்லி ஊற்று. கால் மணி, இருபது நிமிஷத்தில் இறங்கிவிடும். இறுக்கி அமுக்கினாலோ பொடி மாவாக இருந்தாலோ அடைத்துக்கொள்ளும். அமுக்காமல் விட்டால் கடகடவென்று இறங்கிச் சப்பென்று இருக்கும்; அப்போதுதான் இன்னும் இரண்டு கரண்டி பொடி போடத் தோன்றும், கணக்கே போய்விடும். கஃபீனில் பெரும்பங்கு முதல் டிக்காஷனிலேயே இறங்கிவிடுவதால், சாயந்திரம் காப்பி இல்லாமல் முடியாது என்றால் அந்த வேளைக்கு இரண்டாம் டிக்காஷனை வைத்துக்கொள்ளலாம். ருசி குறைவுதான்.

அதைவிட நல்ல வழி, மாலைக்கு மட்டும் கஃபீன் நீக்கிய பொடி. பல ஐரோப்பிய நாடுகளின் விதிப்படி அப்படிப்பட்ட வறுத்த கொட்டையில் 0.1 சதவீதத்துக்கு மேல் கஃபீன் இருக்கக் கூடாது. அதாவது பத்து கிராமில் அதிகபட்சம் பத்து மில்லிகிராம். கூடக் கொஞ்சம் சிக்கரி சேர்த்தால் டிக்காஷன் கெட்டியாக நிற்கும். இன்ஸ்டன்ட் பொடி லேசானது என்று நினைக்காதே. அதில் ரொபஸ்டாதான் நிறைய; சிக்கரி கலக்காத பொடியில் இரண்டு கிராமுக்கே 60 மில்லிகிராம் வந்துவிடும்.

நாலு மணிக்குக் குடித்ததில் பாதி ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும். இது சராசரிக் கணக்கு. கஃபீனைக் கரைக்கும் கல்லீரல் நொதி ஆளுக்கு ஆள் வேகம் மாறும். பாதி கரையச் சிலருக்கு இரண்டு மணி நேரம், சிலருக்குப் பத்து. உனக்கு மெதுவாகத்தான் கரைகிறது போலிருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி சில மாத்திரைகள் அதை இன்னும் மந்தமாக்கும். கர்ப்பத்திலும் அப்படித்தான், அதுவும் கடைசி மாதங்களில். அதனால் மருமகள் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீனைத் தாண்ட வேண்டாம். டீயும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

நெஞ்செரிச்சலும் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. இருந்தால் கஃபீன் நீக்கிய காப்பியிலும் அது முழுசாகப் போகாது. வெறும் வயிற்றில் குடிப்பதை முதலில் நிறுத்து. வயிறு உப்புசம் என்றால் பாலாக இருக்கலாம், சிக்கரியில் உள்ள இனுலின் நார்ச்சத்தாகவும் இருக்கலாம். மூன்று நாள் சிக்கரி இல்லாமல் குடித்துப் பார், பிறகு மூன்று நாள் பால் இல்லாமல். இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் எது என்று தெரியாமல் போய்விடும். படபடப்போடு தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் பொடியை மாற்றிக்கொண்டிருக்காதே, டாக்டரிடம் போ.

ஒரேயடியாகக் குறைக்காதே. திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளைக்குள் மண்டையிடி பிடித்துக்கொள்ளும், ஒரு வாரம் கூட இழுக்கும். முதல் வாரம் முக்கால் பங்கு பழைய பொடி, கால் பங்கு கஃபீன் நீக்கியது. அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. அப்படியே இறங்கி வா. பொடியைக் கால் கிலோவுக்கு மேல் வாங்காதே, மணம் போய்விடும்.

கடைக்காரர் என்ன கலவை சொன்னார், விலை என்ன என்று எழுது. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
வசந்தா